பழைய வீட்டின் வயரிங்கை யாரை வைத்துப் பார்ப்பது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று. மூலப் பத்திரத்தை வக்கீல் பார்த்துவிட்டார். மாமனார் வந்து வாசல் எந்தத் திசை என்று பார்த்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரைக்கூட ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாயிற்று. சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றிய பேச்சு மட்டும் "ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது" என்பதோடு முடிந்துவிடுகிறது.

வங்கியிலிருந்து இன்ஜினீயர் வந்து பார்த்தாரே என்று சிலர் சொல்வார்கள். அவர் வந்தது வீட்டுக்கு எவ்வளவு மதிப்புப் போடலாம் என்று பார்க்க. ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்ப்பது அவர் வேலை அல்ல.

இந்தக் கவலை வந்தவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். தானே பார்ப்பது, தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்துப் போவது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்துக் கருவியால் சோதிப்பது, எதையும் சோதிக்காமல் "எப்படியும் ரீவயரிங்தான்" என்று அந்தச் செலவை விலையில் கழிப்பது. கூலியை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தவறிவிடும். வயரிங்கின் வயதுதான் முதலில் தெரிய வேண்டும். அது வீட்டின் வயதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

## ஒரு வீடு, மூன்று வயது வயரிங்

மதுரையில் நாங்கள் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். முன்பகுதி 1968இல் கட்டியது, மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. மாடி 1980களில் எடுத்தது. சமையலறையைச் சில ஆண்டுகளுக்கு முன்தான் புதுப்பித்திருந்தார்கள். விற்கும் பெரியவர் ஒரே வரியில் சொன்னார்: "நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, தம்பி."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் அந்த வீட்டில் ஓடியது இரண்டு ஃபேன், ஐந்தாறு குண்டு பல்பு, ஒரு ரேடியோ. நாங்கள் குடியேறினால் இரண்டு ஏ.சி., ஒரு கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின். 2,000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்து லைட் லைனுக்குப் போட்ட 1/18 வயர் இன்றைய கணக்கில் 1.2 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. கீசருக்குக் குறைந்தது இரண்டரை, ஏ.சி.க்கு நான்கு என்று இன்று போடுகிறார்கள்.

முன்னறையில் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயர். எங்களோடு வந்த எலக்ட்ரீஷியன் ஒரு போர்டைக் கழற்றியதும், உள்ளே வெள்ளையாக மின்னிய கம்பியைப் பார்த்து, "அலுமினியமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பிளேடை எடுத்து மெல்லச் சுரண்டினார். அடியில் செம்பு சிவந்து தெரிந்தது. "ஈயம் பூசியது சார். நம் வீட்டுப் பாத்திரத்துக்குப் பூசுவதுபோல." அந்தக் காலத்து வயருக்கு ரப்பர் உறை. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு ஈயப் பூச்சு. ஆக, கம்பி நல்ல கம்பிதான். ஆனால் உறையை விரலால் நெருடியபோது பொரித்த அப்பளம்போல நொறுங்கியது.

உண்மையான அலுமினியம் மாடியில் இருந்தது. அலுமினியத்தின் கோளாறு மெதுவாக வரும். திருகின் அழுத்தத்தில் அந்த உலோகம் நாளாவட்டத்தில் நசுங்கி இளகும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும். சமையலறையில் புதுச் செம்பு வயர் நன்றாகவே இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது அதே பழைய மெயின் போர்டில்தான். போதாததற்கு, 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் அவசரமாக இழுத்த இன்வெர்டர் லைன் ஒன்று எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு "வயரிங் நல்லாயிருக்கிறதா?" என்ற கேள்வியே பொருந்தாது. எந்த அறையின் வயரிங் என்று கேட்க வேண்டும்.

## எடைபோட ஐந்து கேள்விகள்

சோதனை எவ்வளவு ஆழம் போகிறது என்பது முதல் கேள்வி. போர்டின் முகத்தைப் பார்ப்பது, போர்டைத் திறந்து பார்ப்பது, சுவருக்குள் இருக்கும் உறையின் நிலையைக் கருவியால் அறிவது என்று மூன்று ஆழங்கள் உண்டு.

சோதிப்பவர் யார் பக்கம்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. தரகர் அழைத்து வரும் ஆள், விற்பவருக்கு இருபது ஆண்டுகளாக வேலை செய்த ஆள், ரீவயரிங் வேலை தனக்குக் கிடைக்கும் என்று நம்பும் ஆள், இந்த மூவர் வாயிலும் மூன்று வேறு வீடுகள் வரும்.

விற்பவர் அனுமதிப்பாரா? வீடு இன்னும் அவருடையது. நான்கு திருகைக் கழற்றுவதற்கும் அரை நாள் மின்சாரத்தை நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கிடைக்கும் விவரம் பேரத்துக்கு உதவுமா? வாய்வார்த்தைக்கு ஒரு விலை, எண் எழுதிய தாளுக்கு ஒரு விலை. கடைசியாக, காசும் நாளும்.

## வழி 1: நாமே பார்ப்பது

டெஸ்டர், மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர், டார்ச், வீட்டிலிருந்து ஓர் அயர்ன் பாக்ஸ். இவை போதும். திருகாணி எதையும் தொட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம். இன்வெர்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்த பிறகும் சில வயர்களில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மீட்டரில் தொடங்குங்கள். இன்வெர்டர், ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, மீட்டரில் விட்டுவிட்டு மினுக்கும் சிறு விளக்கைப் பாருங்கள். அது நின்றுவிட வேண்டும். பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை மினுக்கும் மீட்டரில் 100 வாட் ஓடினால் சுமார் 11 விநாடிக்கு ஒரு மினுக்கு. 10 வாட் கசிந்தால் ஒரு மினுக்குக்கு இரண்டு நிமிடம்கூட ஆகும். பல எலெக்ட்ரானிக் மீட்டர்களில் எர்த் விளக்கு ஒன்றும் உண்டு. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் அது எரியும். எரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இரண்டு சர்வீஸ்களின் நியூட்ரல் கலந்திருக்கிறது. வீட்டை இரண்டு போர்ஷனாகப் பிரித்து இரண்டு மீட்டர் வாங்கிய வீடுகளில் இந்தக் கலப்பு சகஜம்.

அடுத்தது மெயின் போர்டு. பீங்கான் பியூஸ் கேரியர் இருந்தால், விற்பவரையே ஒன்றை உருவிக் காட்டச் சொல்லுங்கள். பியூஸ் கம்பிக்குப் பதில் சாதாரண வயரின் இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தால், அந்த வீட்டில் பியூஸ் அடிக்கடி போயிருக்கிறது, காரணத்தை யாரும் தேடவில்லை என்று பொருள். பியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் ஸ்விட்ச்) இருந்தால் அதன்மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். லைட் லைனுக்கு சி32, அதாவது 32 ஆம்பியர், என்று இருந்தால் அதுவும் அதே கதைதான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் விழும் ஸ்விட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

பிறகு அயர்ன் பாக்ஸையும் கீசரையும் இருபது நிமிடம் ஒன்றாக ஓட விடுங்கள். லைட் மங்குகிறதா, பிளக்கின் பிளாஸ்டிக் முகம் சுடுகிறதா, லேசான கருகல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வீடே பழசாக இருக்க, பளபளக்கும் புது ஸ்விட்ச் தகடுகள் மட்டும் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தகடு மாற்றுவது ஒரு நாள் வேலை; உள்ளிருக்கும் வயர் அப்படியே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு, சும்மா கிடைத்த தைரியம். சாக்கெட் டெஸ்டரில் விளக்குகள் சரியாக எரிந்தால் எர்த் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். எர்த் வயர் வராத இடத்தில் சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்டர் அதையும் சரி என்றே காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் வாஷிங் மெஷினின் இரும்பு உடலில் 230 வோல்ட் வந்து நிற்கும். ஆர்.சி.சி.பி. போட்டவுடன் அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றிப்போட்ட வீடுகளில் இந்தத் துண்டு வயரை எலக்ட்ரீஷியனை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

எப்போது இது போதும்? பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு உட்பட்ட அடுக்குமாடி வீடு, எம்.சி.பி.யும் வேலை செய்யும் ஆர்.சி.சி.பி.யும் உண்டு, மீட்டரில் சந்தேகம் ஒன்றுமில்லை என்றால் போதும். மற்ற வீடுகளில் இது வடிகட்டி மட்டுமே: பார்த்த ஆறு வீடுகளில் நான்கை விலக்க உதவும்.

## வழி 2: தெரிந்த எலக்ட்ரீஷியன்

ஒரு நாள் கூலியில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இந்த வழியில்தான், ஆள் சரியாக அமைந்தால். மூன்று இடங்களைத் திறக்கச் சொன்னால் போதும்: மெயின் போர்டு, சமையலறை போர்டு, கீசர் பிளக். அலுமினியமா செம்பா, ஒரு சதுர மில்லிமீட்டரா ஒன்றரையா இரண்டரையா, இணைப்பில் டேப்பைச் சுற்றி மட்டும் விட்டிருக்கிறார்களா, உறை கருகியிருக்கிறதா என்பது அவர் கண்ணுக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று திருகைக் கழற்றுவதற்கு விற்பவரும் பெரும்பாலும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

அவரிடம் மறக்காமல் செய்யச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு போர்டிலிருந்து பைப்புக்குள் போகும் வயர் ஒன்றைக் கழற்றி லேசாக இழுத்துப் பார்ப்பது. வயர் நகர்ந்தால் பைப் திறந்திருக்கிறது. நாளைக்குப் புது வயரைப் பழைய வயரோடு கட்டி இழுத்துவிடலாம், சுவரை உடைக்க வேண்டாம். நகராவிட்டால் சிமெண்ட் இறங்கி அடைத்திருக்கலாம், பழைய இரும்புப் பைப் துருப்பிடித்துப் பற்றியிருக்கலாம். ரீவயரிங் செலவு ஒரு மடங்கா இரண்டு மடங்கா என்பதை இந்த ஒரு இழுப்பு சொல்லிவிடும். எனக்குத் தெரிந்து, வீடு வாங்குபவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

மறைந்திருக்கும் செலவு அவருடைய வாய்தான். தரகர் பக்கத்தில் நின்றால் மரியாதைக்காக "பெரிசா ஒன்றுமில்லை சார்" என்பார். ரீவயரிங் வேலை கிடைக்கும் என்று தோன்றினால் "எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டும்" என்பார். கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிட்டு, வாங்கினாலும் வேலை வேறு ஆளுக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முகம் சுருங்கும். அதன்பிறகு வருவது நேரான பேச்சு. திறந்த ஒவ்வொரு போர்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் எதுவும் தராத இந்த வழியில் பேரத்துக்கு அந்தப் படங்கள்தான் ஆயுதம்.

எப்போது இது சிறந்தது? வயரிங்கின் வயது குழப்பமாக இருக்கும் வீட்டுக்கு. நாங்கள் பார்த்த மதுரை வீடு போன்றவற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன்.

## வழி 3: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் மெகரும்

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் மின் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமமும், மேற்பார்வையாளர், மின்கம்பியாள் ஆகியோருக்குத் தகுதிச் சான்றும் தருகிறது. உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தவறில்லை.

இவர் கொண்டுவரும் முக்கியக் கருவி மெகர். 500 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வயரில் செலுத்தி, உறையின் காப்புத் தன்மையை அளக்கும். எர்த்துக்கும் வயருக்கும் நடுவே குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். நல்ல வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வரும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்காமல் சொல்வது நான்கு வழிகளில் இது ஒன்றுதான்.

ஆனால் சோதிக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, எல்.இ.டி. பல்புகள், டி.வி., ஃபிரிட்ஜ், எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டும். மறந்த ஒன்று கெட்டுப்போனால் விற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். குடியிருக்கும் வீட்டில் இதற்கு அரை நாள் அனுமதி வாங்குவது எளிதல்ல. காலி வீடு என்றால் தொந்தரவு இல்லை. எர்த் தடையை முறையாக அளக்கத் தரையில் இரண்டு கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் போட்ட நகரத்து வீட்டில் கம்பி அடிக்க மண்ணைத் தேட வேண்டியிருக்கும்.

பருவமும் கணக்கில் சேரும். சித்திரை வெயிலில் காய்ந்த சுவரில் தேறிய வயர் ஐப்பசி மழையில் ஓதம் ஏறியதும் தோற்கலாம். முடிந்தால் மழைக்காலத்தில் சோதியுங்கள். முடியாவிட்டால் கோடையில் 2 மெகாஓம் வந்த லைனை மட்டுமாவது சந்தேகத்தோடு பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாளில் எண்ணைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடும். மெகர் உறையை மட்டுமே சோதிக்கிறது. தளர்ந்த திருகு, சூடாகும் அலுமினிய இணைப்பு, கீசருக்குப் போட்ட மெல்லிய வயர், இவை எதுவும் அதில் தெரியாது. மாடியின் அலுமினிய வயரிங் மெகரில் தாராளமாகத் தேறியிருக்கும். அதனால் இந்த ஒப்பந்ததாரரும் போர்டுகளைத் திறந்துதான் ஆக வேண்டும். திறக்காமல் எண் மட்டும் எழுதித் தந்தால் பாதி வேலைக்குத்தான் கூலி.

எப்போது இது சிறந்தது? பன்னிரண்டு முதல் முப்பது ஆண்டு வயதுள்ள, செம்பு வயரைச் சுவருக்குள் பதித்த தனி வீட்டுக்கு. அதிலும், இருக்கும் வயரிங்கோடு சில ஆண்டுகள் குடியிருக்கப் போகிறவர்களுக்கு. "போன வருஷம்தான் முழுக்க ரீவயரிங் செய்தோம்" என்று அதற்காக விலையை ஏற்றிச் சொல்லும் விற்பவரிடமும் இதுதான் வழி.

## வழி 4: சோதிக்காமல் விலையில் கழிப்பது

சோம்பேறித்தனமாகத் தெரியும். சில வீடுகளுக்கு இதுதான் புத்திசாலித்தனம். முப்பது நாற்பது ஆண்டு வயரிங், எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்குகள், மாடி முழுக்க அலுமினியம் என்று தெரிந்த பிறகு மெகர் எதற்கு? கெட்டுப்போனதா என்பதில் சந்தேகமில்லை. மாற்ற எவ்வளவு ஆகும் என்பது மட்டும்தான் கேள்வி.

எலக்ட்ரீஷியன்கள் பாயிண்ட் கணக்கில் கூலி பேசுவார்கள். லைட், ஃபேன், பிளக் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட், ஏ.சி., கீசர் போன்ற பவர் பாயிண்டுக்குத் தனி விலை. வீட்டை ஒருமுறை சுற்றி எண்ணுங்கள். இருப்பதை எண்ணக் கூடாது, உங்களுக்கு வேண்டியதை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையோடு உங்கள் ஊரில் இருவரிடம் விலை கேட்டுவிட்டுப் பேரத்துக்குப் போங்கள்.

கணக்கில் விடுபடுவது வயரோ கூலியோ அல்ல. பைப் பதிக்கக் காடி வெட்டிய சுவரைப் பூச வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். ஓர் அறையில் ஒரு சுவரில் காடி வெட்டினால் நான்கு சுவருக்கும் பெயிண்ட். மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரமும் செங்கல்லும்தான். உள்ளே பைப் பதிக்க இடமில்லை, மேலோட்டமாகத்தான் ஓட்ட வேண்டும். புது எர்த் குழி, புது மெயின் போர்டு தனி. மின்பளுவை உயர்த்தினால் மின்வாரியத்தில் அதற்கான கட்டணம் தனி. இத்தனையும் முடியும்வரை ஒருபுறம் வாடகை, மறுபுறம் வங்கித் தவணை.

எப்போது இது சிறந்தது? எப்படியும் குளியலறையையும் சமையலறையையும் இடிக்கப் போகிறீர்கள் என்றால். தூசி ஒரே முறை பறக்கும்.

## ஒரே பார்வையில்

| | நாமே | எலக்ட்ரீஷியன் | உரிமம் பெற்றவர் + மெகர் | விலையில் கழிப்பது |
|---|---|---|---|---|
| ஆழம் | போர்டின் முகம் | போர்டின் உள்ளே | சுவருக்குள் வரை | தேவையில்லை |
| நேரம் | ஒரு மணி நேரம் | இரண்டு மணி நேரம் | அரை நாள் | எண்ணுவதற்கு ஒரு மணி நேரம் |
| விற்பவரின் அனுமதி | எளிது | பெரும்பாலும் கிடைக்கும் | கடினம் | வேண்டாம் |
| பேரத்துக்கு | பலவீனம் | படங்கள் | எழுத்தில் எண்கள் | கொட்டேஷன் |
| ஏமாறும் இடம் | நியூட்ரலில் கட்டிய எர்த் | ஆளின் சொந்த ஆதாயம் | தளர்ந்த இணைப்பு தெரியாது | பூச்சும் பெயிண்டும் |
| பொருந்தும் வயரிங் | 12 ஆண்டுக்குள் | வயது கலந்தது | 12–30 ஆண்டு | 30க்கு மேல், அலுமினியம் |

எந்த வழியானாலும் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் முடித்துவிடுங்கள். பெரிய அட்வான்ஸ் கைமாறிய பிறகு நீங்கள் காட்டும் படமும் தாளும் விற்பவருக்கு வெறும் புலம்பலாகத்தான் கேட்கும். மெகர் சோதனைக்கு அவர் இழுத்தடித்தால், சிறு தொகையை டோக்கனாகக் கொடுத்து, சோதனைக்கு ஒரு நாள் சாவி தர வேண்டும், பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கலாம்.

மதுரை வீட்டை நாங்கள் வாங்கினோம். எலக்ட்ரீஷியன் எடுத்த படங்களையும் பாயிண்ட் கணக்கையும் பெரியவர் முன் வைத்தோம். மாடியின் அலுமினியத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நொறுங்கிய ரப்பர் உறையைக் கையில் வாங்கிப் பார்த்ததும் முன்பகுதிக்கு மட்டும் கழித்துக்கொடுத்தார். நாங்கள் எண்ணியது ஐம்பத்திரண்டு பாயிண்ட். வேலை முடிந்தபோது அறுபத்தொன்று. மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் இரண்டு ஸ்விட்ச், கிணற்று மோட்டாருக்குத் தனி லைன், காலிங் பெல், பூஜை அறையில் ஒரு பிளக் என்று விடுபட்டவை அத்தனையும் எங்கள் செலவில் போயின.